கோப்பிக் காசும் ஒரு படிவமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஞாயிறு காலையில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். பேச்சு முட்டிவலியில் தொடங்கி அரசியலில் முடியும். எஃப்1 கார்ப் பந்தயம் நெருங்கிவிட்டால் எங்கள் மேசையில் ஒருவர் தவறாமல் இதைக் கேட்பார்: "ரெண்டு டிக்கெட்டு கொடுத்தான், கூட்டாளி வாங்கிக்கிட்டான். இதுக்குப் போய் ஜெயிலா?" அவர் சொல்வது சிங்கப்பூரின் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனை. கேட்பவர் நல்ல மனிதர், என் வயதுக்காரர். கோப்பி ஆறுவதற்குள் அவருக்குப் பதில் சொல்லிவிட எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த "ரெண்டு டிக்கெட்டு". வழக்கில் வந்த பொருள்களின் மொத்த மதிப்பு 4 லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். எஃப்1 நுழைவுச்சீட்டுகள், லண்டன் இசை நாடகங்களுக்கும் இங்கிலிஷ் பிரிமியர் லீக் ஆட்டங்களுக்கும் சீட்டுகள், விஸ்கி, ஒயின், கோல்ஃப் மட்டைகள், பிரோம்டன் என்ற மடக்குச் சைக்கிள் ஒன்று. அந்தச் சைக்கிள் மட்டும் சுமார் 7,900 வெள்ளி. (என் முதல் மோட்டார் சைக்கிளை நான் பழையதாக வாங்கினேன். விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.) கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் ஹோட்டல் தொழிலதிபர் ஓங் பெங் செங், 2008இல் இரவுப் பந்தயத்தை இங்கே கொண்டுவந்தவர். பந்தயம் குறித்த அரசாங்க வழிநடத்தல் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஈஸ்வரன். இன்னொருவர் கட்டுமான நிறுவனம் நடத்திய லம் கொக் செங். அந்த நிறுவனம் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அப்போது அந்த ஆணையம் யார் அமைச்சின்கீழ் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈஸ்வரனைத் தமிழ் நிகழ்ச்சிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன், கைதட்டியும் இருக்கிறேன். 2023 ஜூலையில் கைது என்று செய்தி வந்தபோது என் மனைவி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டாள். வீட்டில் ஒரு துக்கம் மாதிரி இருந்தது. எங்கள் மேசை நண்பரின் கேள்விக்குள்ளும் அந்த வலிதான் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் நம்ம ஆள் என்பதற்காகத் தராசை ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்க முடியாது.

இப்போது என் கதை. ஓர் அரசு சார்ந்த அமைப்பில் 30 ஆண்டுக்கு மேல் கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். பெரிய பதவி ஒன்றுமில்லை. குத்தகையாளர் செய்த வேலையைப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் குறை எழுதுவேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் அவருக்குப் பணம் வராது.

சீனப் புத்தாண்டு வந்தால் குத்தகையாளர்களிடமிருந்து ஹேம்பர் வரும். அபலோன் (விலை உயர்ந்த கடல் நத்தை) டின், பிஸ்கட், புட்டியில் பானம், மேலே சிவப்பு நாடா. தீபாவளிக்கு முறுக்கு டின்னும் வரும், அதைச் சீன முதலாளி ஒருவர் தேக்காவில் வாங்கி அனுப்புவார். எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. யார் கொடுத்தது, எதற்கு, என்ன விலை பெறும். பொருளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதன் விலையைக் கட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முறுக்கு டின்னுக்குப் படிவம் நிரப்பும்போது எனக்கே சிரிப்பு வரும். என் மனைவிக்கு அந்த அபலோன்மேல் ஒரு கண். விலையைக் கட்டி வாங்கிவாங்க என்பாள். நான் ஒருமுறைகூட வாங்கவில்லை, விலை அப்படி. ஆண்டு இறுதி விருந்தில் அதெல்லாம் அதிர்ஷ்டக் குலுக்கலில் போகும். எனக்கு ஒருமுறை விழுந்தது, ஒரு குடை.

படிவத்தில் அடங்காத ஒன்றும் இருந்தது. 90களின் தொடக்கத்தில் ஒரு வட்டாரத்தில் மொட்டைமாடிகளுக்கு நீர்க்கசிவுத் தடுப்பு வேலை நடந்தது. குத்தகையாளரின் ஆள் ஒருவர் தினமும் காலை ஏழரைக்கு வருவார். கீழே கோப்பிக் கடையில் எனக்கும் சேர்த்து ஒரு கோப்பி, ஒரு ரொட்டி வாங்கிவிடுவார். காசை நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். அறுபது எழுபது காசுக் கணக்கு, அதற்குமேல் வற்புறுத்தினால் அவமதிப்பது போல ஆகிவிடும். அப்படியே நாலு மாதம் ஓடியது. பிள்ளைகள், படிப்பு, ஊர், எல்லாம் பேசினோம். என்னிடம் அவர் எதுவும் கேட்டதில்லை, சத்தியமாக.

ஒருநாள் மழை விட்டதும் மாடி ஏறிப் பார்த்தேன். ஒரு மூலையில் பூச்சு உப்பி நின்றது. காலால் அழுத்தினால் சளக் சளக் என்கிறது. அடியில் தண்ணீர். குறைப் புத்தகத்தை எடுத்தேன், பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. அந்த மனிதருக்கு முதலாளி என்ன சொல்வாரோ என்று ஓடுகிறது புத்தி. வாயால் சொல்லிவிடுவோம், அவரே சரிசெய்துவிடுவார், எழுதித்தான் ஆக வேண்டுமா என்று. ஐந்து நிமிடம் அப்படியே நின்றிருப்பேன். கடைசியில் எழுதினேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை முப்பது ஆண்டுக்குமேல் ஆகியும் மறக்கவில்லை. மாடிக்குக் கீழே பத்தாவது மாடியில் குடியிருந்தவருக்கு என் கோப்பியைப் பற்றி என்ன தெரியும்? அவர் படுக்கைக்குமேல் ஒழுகினால் அது யாருடைய கணக்கு?

மறுநாள் முதல் என் கோப்பிக்கு நானே காசு கொடுத்தேன். அவர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஈஸ்வரன் 2024 செப்டம்பர் 24ஆம் தேதி குற்றத்தை ஒப்புக்கொண்டது தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவின் கீழ் நான்கு குற்றச்சாட்டுகள், நீதிக்கு இடையூறு செய்ததாக ஒன்று. மற்ற 30 குற்றச்சாட்டுகள் தண்டனை விதிக்கும்போது கருத்தில் கொள்ளப்பட்டன. 165 என்ன சொல்கிறது? அரசு ஊழியர் தன் அலுவலோடு தொடர்புள்ள ஒருவரிடமிருந்து விலையில்லாமலோ போதாத விலைக்கோ மதிப்புள்ள பொருளைப் பெறக்கூடாது. அவ்வளவுதான். பதிலுக்கு அவர் என்ன செய்து கொடுத்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. முதலில் லஞ்சத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இருந்த இரண்டு குற்றச்சாட்டுகளும் பிறகு இந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டன. அதைக் காட்டி "அப்போ லஞ்சம் இல்லைன்னு ஆயிருச்சே" என்கிறார் நண்பர். சரி, இல்லை. இந்தப் பிரிவின் வேர் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள், ஜில்லா கச்சேரியில் பழக்கூடை எப்படி வருகிறது என்று பார்த்தவர்கள். மாடியில் நின்ற என் ஐந்து நிமிடத்தைப் பிடிக்கிற சட்டம் இது. கைம்மாறு நடந்ததா என்று அது தேடிக்கொண்டிருக்காது. வாங்கிய இடத்திலேயே பிடித்துவிடும்.

அரசுத் தரப்பு ஆறு ஏழு மாதச் சிறை கேட்டது. எதிர்த்தரப்பு எட்டு வாரத்துக்குமேல் வேண்டாம் என்றது. நீதிபதி வின்சென்ட் ஹூங் அக்டோபர் 3ஆம் தேதி 12 மாதம் விதித்தார். கேட்டதைவிடக் கூடுதல். என் மேசையில் இதைக் கொடுமை என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1975இல் வீ தூன் பூன் என்ற துணை அமைச்சர் நிலை அரசியல்வாதி வீட்டு மேம்பாட்டாளர் ஒருவரிடம் லஞ்சமாகப் பங்களா பெற்றார், குடும்பத்தோடு இந்தோனீசியாவுக்கு இலவசப் பயணமும் போனார். நாலரை ஆண்டு விதித்தார்கள், மேல்முறையீட்டில் 18 மாதமானது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 4 லட்சம் அல்ல, 5,700 வெள்ளி. 2022 டிசம்பரில் ஓங்கின் ஏற்பாட்டில் தனி விமானத்தில் டோஹா போனார் ஈஸ்வரன். ஹோட்டலில் ஓர் இரவு, திரும்பி வரப் பிசினஸ் கிளாஸ் சீட்டு. எல்லாம் அந்தப் பக்கத்துச் செலவு. மாதங்கள் ஓடின. அந்த விமானத்தின் பயணிகள் விவரம் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் கையில் சிக்கிவிட்டது என்று 2023 மே மாதம் தெரிந்த பிறகுதான், திரும்பி வந்த சீட்டுக்கு எனக்கு ரசீது போடுங்கள் என்று கேட்டு 5,700 வெள்ளி கட்டினார். நீதிக்கு இடையூறு என்ற குற்றச்சாட்டு இதுதான். அதற்கு உடந்தையாக இருந்ததாக ஒப்புக்கொண்ட ஓங்குக்கு 2025 ஆகஸ்ட்டில் 30,000 வெள்ளி அபராதம். அவருடைய கடுமையான நோயைக் கருதி நீதிமன்றம் கருணை காட்டியது.

அந்த 5,700ஐ டிசம்பரிலேயே கட்டி, ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் இந்தக் குற்றச்சாட்டே இல்லை. ஒரு தாள். நான் முறுக்குக்கு நிரப்பிய அதே மாதிரித் தாள். அமைச்சர் சம்பளம் தொடக்க நிலையிலேயே ஆண்டுக்கு 1.1 மில்லியன் வெள்ளி அளவில் நிர்ணயிக்கப்பட்டது. யாரிடமும் கை நீட்டத் தேவை வராது என்று நமக்குச் சொல்லித்தான் அந்தச் சம்பளம். தேவை வரவில்லைதான். கையை நீட்டாமலே வந்து விழுந்தால் என்ன செய்வது என்பதற்குச் சம்பளத்தில் பதில் கிடையாது.

இன்னொன்றை நண்பர்கள் கவனிக்கவில்லை. இந்த விஷயம் எப்படி வெளியே வந்தது? ஓங்கின் கூட்டாளிகள் தொடர்பான வேறொரு விசாரணையில் அதிகாரிகள் இறங்கியபோது டோஹா பயணம் கண்ணில் பட்டது. குற்றச்சாட்டுகளில் உள்ள சீட்டுகளோ 2015 வரை பின்னால் போகின்றன. அத்தனை ஆண்டில் வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இன்னொரு விசாரணை நடக்காமல் போயிருந்தால்?

பிரிட்டனில் பாருங்கள். இங்கே தீர்ப்பு வருவதற்கு முதல் நாள், 2024 அக்டோபர் 2ஆம் தேதி, பிரதமர் கியர் ஸ்டார்மர் தான் பெற்ற சில அன்பளிப்புகளுக்காக 6,000 பவுண்டுக்குமேல் திருப்பிக் கட்டியதாகச் செய்தி வந்தது. பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் நிகழ்ச்சிச் சீட்டுகள், குதிரைப் பந்தயச் சீட்டுகள், மனைவிக்கு வாடகை உடுப்பு. அவர்மேல் வழக்கு இல்லை, கைது இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களின் பதிவேட்டில் இருந்ததைப் பத்திரிகைக்காரர்கள் கூட்டிப் பார்த்தார்கள். 300 பவுண்டுக்கு மேற்பட்ட அன்பளிப்பை உறுப்பினர்கள் 28 நாளுக்குள் பதிய வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். மக்கள் படித்தார்கள், திட்டினார்கள், அவர் காசைக் கட்டினார். அங்கே எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. இவ்வளவு வாங்குவதே அசிங்கம்தான். ஆனால் ஒரு பயணிகள் பட்டியல் தற்செயலாகச் சிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

நம்மிடமும் அமைச்சர்களுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. அன்பளிப்பை ஒப்படைக்க வேண்டும், வைத்துக்கொள்ள விரும்பினால் மதிப்பைச் செலுத்த வேண்டும். என் படிவத்தின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது அலமாரிக்குள் போய்விடுகிறது. நான் கேட்பது அந்த அலமாரிக்கு ஒரு கண்ணாடிக் கதவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் யாரிடமிருந்து என்ன பெற்றார்கள், எங்கே விருந்துக்குப் போனார்கள், யார் செலவில் விமானம் ஏறினார்கள், பொருளை ஒப்படைத்தார்களா விலை கட்டினார்களா என்று ஒரு பட்டியல். நான்கு மொழியில் வேண்டாம், ஆங்கிலத்தில் இருந்தாலே போதும். என் பேரன் படித்துச் சொல்வான்.

"கூட்டாளி கூட்டாளிக்குக் கொடுக்கிறதையெல்லாம் ஊருக்குக் காட்டணுமா?" என்று நண்பர் கேட்பார். என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்றதற்கு அடுத்த சீனப் புத்தாண்டு. படிவம் நிரப்பத் தேவையில்லாத முதல் புத்தாண்டு. இந்தத் தடவை அபலோன் நமக்குத்தான் என்று மனைவி சமையலறையில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள். முப்பது ஆண்டு ஹேம்பர் அனுப்பியவர்களில் ஒருவர்கூட ஒரு மாண்டரின் ஆரஞ்சு அனுப்பவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர்கள் அனுப்பிய முகவரி சரியாகத்தான் இருந்தது. அந்த நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார், அங்கே போயிருக்கும்.

ஈஸ்வரன் 3 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளிக்குமேல் அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்டிவிட்டார், தண்டனையையும் முடித்துவிட்டார். அவரைப் பற்றி இனி எங்கள் மேசையில் பேச வேண்டாம் என்றே நினைக்கிறேன். பட்டியலைப் பற்றிப் பேசலாம். எங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பு வாராவாரம் நடக்கிறது. அடுத்த வாரம் எண் வாங்கி உட்காரப் போகிறேன். வழக்கமாக மின்தூக்கி, புறாத் தொல்லை என்று வருகிறவர்களுக்கு நடுவே இதைக் கேட்டால் தொண்டூழியர் எந்தப் படிவத்தில் எழுதிக்கொள்வார் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பராமரிப்பு மேற்பார்வையாளர்,
யீஷூன்