குக்கூவும் குயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் ‘குக்கூ’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் ‘குயில்’ என்று மட்டும் பொருள் தரப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே குடும்பப் பறவைகள் என்பதால் இதைப் பெரும் பிழை என்பதற்கில்லை. ஆயினும் ஐரோப்பாவின் குக்கூ சாம்பல் நிறமும் வரியோடிய வயிறும் கொண்டது. எங்கள் பசறைப் பக்கத்துப் பலா மரங்களில் மறைந்திருந்து, சுருதியை ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென நிறுத்தும் ஆண்குயிலோ கரிய உடலும் சிவந்த கண்ணும் உடைய வேறோர் இனம்.

பழைய ஆங்கிலத்தில் ஐரோப்பாவின் குக்கூவுக்கு வேறு பெயர் இருந்தது. 1066இல் பிரெஞ்சு பேசிய நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் பிரெஞ்சுச் சொற்கள் பெருகிய காலத்தில், பறவையின் குரலையே ஒலிக்கும் ‘குக்கூ’ வந்து, 13ஆம் நூற்றாண்டுக்குள் வேரூன்றியது. இலத்தீனில் ‘குகூலஸ்’, கிரேக்கத்தில் ‘கொக்கிக்ஸ்’ என்பனவும் அக்குரலின் எதிரொலிகளே. நமது முதுகெலும்பின் அடியிலுள்ள வாலெலும்பு அப்பறவையின் அலகை ஒத்திருப்பதால், மருத்துவர்கள் இன்றும் அந்தக் கிரேக்கப் பெயராலேயே அதனைக் குறிக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும்.

நம் குயிலைச் சிங்களவர் ‘கொஹா’ என்பர். சித்திரைப் புத்தாண்டு நெருங்குவதை அதன் குரலைக் கொண்டே அறிவர். ஆங்கிலத்தில் அதற்குரிய பெயர் ‘கோயெல்’. அடுத்த இதழிலாவது இவ்விரு பறவைகளின் படங்களையும் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தமிழாசிரியர் ஒருவர்,
பசறை.