பிஎச்பி அணிகளில் விடுபட்ட விதிவிலக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பிஎச்பி என்ற நிரல்மொழி குறித்து வெளியான கட்டுரையில், ஓர் அணியை (பல மதிப்புகளின் தொகுப்பை) வேறொரு மாறியில் (மதிப்பை வைக்கும் பெயரில்) இட்டால் தனிப் பிரதி கிடைக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. பொதுவாக இது சரியே. பிளஸ் டூவில் பைத்தான் மொழி படித்து வரும் மாணவர்கள், அங்கே அணி போன்ற லிஸ்ட் ஒன்றை இவ்வாறு இட்டால் இரண்டு பெயர்களும் ஒரே லிஸ்ட்டைக் குறிக்கும் என்று பழகியவர்கள் என்பதால், இந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்னது நல்லதே. ஆனால் அணியின் உறுப்பு ஏதேனும் ரெஃபரன்ஸாக (ஒரே மதிப்பை வேறொரு பெயருடன் பகிர்வதாக) இருந்தால் பிரதியிலும் அது ரெஃபரன்ஸாகவே தொடரும் என்ற விதிவிலக்கு விடுபட்டுவிட்டது.

பாம்பன், மண்டபம் பகுதி மீன் கம்பெனிகளின் விலைப்பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ‘நேற்று’ என்ற அணியில் இறால் 400, கணவாய் 300, நண்டு 350 என்று வைத்து (பிஎச்பியில் மாறிக்குத் தமிழிலேயே பெயரிடலாம்), உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபோர்ஈச் சுற்றில், ரெஃபரன்ஸாக்கும் & குறியிட்ட மாறியைக் கொண்டு ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் கூட்டுகிறோம். பிறகு அதை ‘இன்று’ என்ற மாறியில் இட்டு, அங்கே நண்டின் விலையை 420 என்று மாற்றினால், 360 ஆக இருக்க வேண்டிய நேற்றைய நண்டு விலையும் 420 ஆகிவிடும். இறாலையும் கணவாயையும் எவ்வளவு மாற்றினாலும் நேற்றைய கணக்கு அசையாது. சுற்று முடிந்த பின்னும் & குறியிட்ட அந்த மாறி அழியாமல் கடைசி உறுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதே காரணம். முந்தைய உறுப்புகளை அது விட்டு நகர்ந்துவிட்டதால், அவை சாதாரண மதிப்புகளாகவே பிரதியாகின்றன. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதும், ஒரே ஓர் உறுப்பு மட்டும் தவறாகும் என்பதும் இதைக் கண்டுபிடிக்க விடாமல் செய்கின்றன.

சுற்று முடிந்ததும், பிரதி எடுப்பதற்கு முன்பே, அந்த மாறியை அன்செட் செய்து நீக்கிவிட்டால் போதும். என்னைக் கேட்டால், தொடக்க நிலை மாணவர்களுக்கு & குறியையே காட்டாமல், சாவியைக் (உறுப்பை அடையாளம் காட்டும் பெயரைக்) கொண்டு உறுப்பை மாற்றும் முறையைக் கற்பிப்பதே மேல்.

அணியைச் சார்புக்கு (ஃபங்ஷனுக்கு) மதிப்பாக அனுப்பும்போதும் இதே விதிதான் பொருந்தும். சார்புக்குள் ரெஃபரன்ஸ் உறுப்பில் செய்த மாற்றம் வெளியிலுள்ள மூல அணியின் அந்த உறுப்பையும் மாற்றிவிடும். மொழியின் அதிகாரபூர்வக் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இடம்பெற்றுள்ளதால், தொடரின் அடுத்த பகுதியில் இதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.