பழையபேட்டை வரைபடங்களைக் கழித்துக் கட்டிவிடாதீர்கள்

நில அளவைப் பதிவறைக்குப் பொறுப்பான அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். உங்கள் பதிவறையில் இருக்கும் எங்கள் பேட்டையின் பழைய தெரு வரைபடங்களைப் பற்றி ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்திருக்கிறேன். விவரமெல்லாம் அவற்றில் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என் பெரியப்பாவுக்கு 84 வயது. பேட்டையில் எந்தச் சந்துக்கு முன்பு என்ன பெயர், எந்த வீட்டுக்கு அடியில் கிணறு மூடிக் கிடக்கிறது என்று சொல்ல இன்று அவர் ஒருவர்தான் மிச்சம். வரைபடத்தில் அவர் விரல் வைத்துக் காட்டினால் குறித்துக்கொள்ளலாம் என்று கூட்டி வந்தேன். காலை பத்து மணிக்கு வந்தோம். "கொஞ்சம் இருங்க" என்றார்கள். பிற்பகல் இரண்டு மணி வரை அவர் தடியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் தரையில் கிடந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி மேசைமேல் விரித்தார்கள். பின்னால் துணி ஒட்டிய தாள், மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தது. கிணற்றுக்குச் சின்ன வட்டம், கால்வாய்க்கு நீலக்கோடு. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இந்த இடத்துலதான் வண்டி மாட்டுக்கு லாடம் கட்டுவாங்க. இது சேந்து கிணறு" என்று சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தினார். எங்கள் சந்து வர வேண்டிய இடத்தில் கரையான் அரித்த ஓட்டை. அவர் விரல் அதற்குள் போய் மேசைப் பலகையைத் தொட்டது. ஒன்றும் பேசாமல் கையை எடுத்துக்கொண்டார்.

போட்டோ எடுக்கக் கூடாது என்றார்கள். சரி, நகலாவது கொடுங்கள் என்றேன். "இதெல்லாம் கழிக்கிற லிஸ்ட்ல போயிடுச்சு சார், கம்ப்யூட்டர்ல புதுசு இருக்கே" என்று பதில் வந்தது.

கம்ப்யூட்டரில் இருப்பது எனக்கும் தெரியும். சர்வே நம்பர் போட்டால் பட்டா வருகிறது, நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படம் வருகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நம்பர் தெருவின் பழைய பெயரைச் சொல்லாது. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கள் சந்தில் முழங்கால் அளவு நிற்கிறது. அங்கே ஒரு கால்வாய் ஓடியது என்கிறார் பெரியப்பா. வரைபடம் போய்விட்டால் அது ஒரு வயதானவரின் பேச்சாக மட்டுமே நிற்கும். அவருக்குப் பிறகு அந்தப் பேச்சும் இருக்காது.

அளப்பதும் பதிவதும் நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1791இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை நம் மலைக்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அடுத்த ஆண்டு திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், நம் ஊர் அடங்கிய பாராமகால் பகுதி அவர்கள் கைக்குப் போனது. கும்பெனி அதிகாரி கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக நிலத்தை அளக்க வைத்தது இங்கேதான். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைத்ததும் இந்த மண்ணில்தான். அப்படிப்பட்ட ஊரில், மலையடிவாரத்துப் பழையபேட்டை எது, பின்னால் எழுந்த தௌலதாபாத் பகுதி எது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தெரு வரைபடம் கிடைப்பதில்லை. மாவட்டம் பிரிந்த 2004இல்தான் ஊரே பிறந்தது போல நடந்துகொள்கிறோம். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. பழைய பெயர்ப்பலகை போகிறது, பழைய கிணறு போகிறது, கேட்டால் "அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க" என்கிறார்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்பது ஒன்றுதான்: கழிப்பதற்கு முன்னால் ஸ்கேன் செய்யுங்கள். மூலத்தை வெளியே தரச் சொல்லவில்லை. ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை நம் ஊர் அரசு அருங்காட்சியகத்தில் வையுங்கள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும். ஆள் போதாது என்றால் எங்கள் தெருப் பிள்ளைகள் தூசி தட்டி, தாளை விரித்துக் கொடுக்க வருவார்கள். அதுவரை அந்தக் கட்டைத் தரையிலிருந்து எடுத்து ஓர் அலமாரியில் வைத்தால் கூடப் போதும். தயவுசெய்து ஸ்கேன் செய்யும்வரை எதையும் கழிக்க வேண்டாம்.

பெரியப்பா இன்னொரு முறை வரத் தயாராக இருக்கிறார். மிச்சமிருக்கும் தாள்களையாவது பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்கிறார். நாளும் நேரமும் சொன்னால் ஆட்டோவில் கூட்டி வருகிறேன். அவர் உட்கார ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழையபேட்டைவாசி ஒருவன்