எஸ்தோனியாவின் 2011

ஆசிரியருக்கு,

எஸ்தோனியாவின் 2011ஆம் ஆண்டைப் பற்றி எழுதுவோர் பலரும் அந்த நாடு யூரோ நாணயத்துக்கு மாறியதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜனவரி 1 முதல் 14 வரை பழைய நாணயமான குரோனும் யூரோவும் சேர்ந்தே புழங்கின. ஒரு யூரோவுக்கு 15.6466 குரோன்.

அதைவிடப் பெரிய செய்தி மார்ச் 6 நாடாளுமன்றத் தேர்தல். 24.3 சதவீத வாக்குகள் இணையத்தில் பதிவாயின. முன்வாக்குப்பதிவு நாட்களில் இணைய வாக்கை எத்தனை முறையும் மாற்றிப் போடலாம், கடைசி வாக்கே செல்லும். வாக்குச்சீட்டில் போட்டால் இணைய வாக்கு ரத்து. மிரட்டி வாங்கும் வாக்கை முறிக்க அருமையான ஏற்பாடு! ஆனால், கணினியில் புகுந்த வைரஸ் வாக்கைத் தடுத்தாலும் அப்போது வாக்காளருக்குத் தெரிந்திருக்காது. கைபேசியில் சரிபார்க்கும் வசதி 2013இல்தான் வந்தது. அந்தக் குறையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

– வாசகர், திருச்சி