நொதுமலும் நடுவுநிலையும்

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்க நம்ம தெருவில் இப்போதே பேச்சு கிளம்பிவிட்டது.

அரசியலில் 'நியூட்ரல்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று உன் பேரன் கேட்டானாமே. நடுநிலை என்று நீ சொன்னது சரிதான். ஆனால் தேர்தல் வந்தால் டீக்கடையில் "நான் நடுநிலைப்பா" என்கிறவர்களில் பாதிப் பேர் "நமக்கேன் வம்பு" என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் வரும் பழைய சொல் ஒன்று உண்டு: நொதுமல். பகையும் இல்லாமல் நட்பும் இல்லாமல் அயலாக இருப்பது.

குறளில் நடுவுநிலைமை 12ஆவது அதிகாரம், அதுவும் இல்லறவியலில். பகை, நொதுமல், நட்பு என்ற மூன்று பகுதியிலும் அறம் வழுவாமல் ஒப்ப நிற்பதுதான் அது என்கிறார் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர். அயலானாக ஒதுங்கிப்போனால் மட்டும் நடுவுநிலை வந்துவிடாது.

செய்ந்நன்றியறிதலுக்கு அடுத்து இந்த அதிகாரம் ஏன் வந்தது என்பதற்கும் அவர் காரணம் சொல்கிறார். நன்றி செய்தவரிடம் அந்த நன்றியை நினைத்தால் நடுவுநிலை சிதையும். அங்கேயும் சிதையக் கூடாது என்பதற்காகவாம். படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. பகைவனிடம் நியாயமாக இருப்பதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். பையனுக்கு வேலை வாங்கித் தந்தவர் கட்சிக்கொடியோடு வாசலில் நிற்கும்போதுதானே நம்ம ஊரில் எல்லாம் சாய்கிறது!

போன மாதம் இங்கே ஒரு வளவில் பங்காளித் தகராறு. மத்தியஸ்தத்துக்கு வந்த பெரியவரைப் படிக்க வைத்ததே ஒரு தரப்பின் அப்பச்சிதான். பட்டாலையில் உட்கார்ந்து பழைய கணக்கு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்பச்சி செய்ததை நான் மறக்கலை. ஆனா வீட்டுல இந்தப் பத்தி எதிர்த்தரப்பு ஆத்தா வீட்டுக்குத்தான் சேரணும்" என்றார். அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்குத் தெரிந்து நடுநிலை என்றால் அதுதான்.

நாடுகளுக்கு வரும்போது அணிசேராமை என்பதையும் இதோடு குழப்பிவிடுகிறார்கள். 1961இல் பெல்கிரேடில் அணிசேரா மாநாட்டுக்குக் கூடிய நாடுகள் எந்த வல்லரசு அணியிலும் சேரவில்லையே தவிர, வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. காலனி ஆதிக்கத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள்.

பேரனிடம் ஒன்று கேள். 2013இல் வந்த நோட்டாவை அழுத்துகிறவரை எதில் சேர்ப்பான்? அந்த வாக்கை எண்ணுகிறார்கள், ஆனால் ஜெயிப்பவரை அது மாற்றுவதில்லை. அவரை நொதுமல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெயிலில் வரிசையில் நின்று, இத்தனை பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறாரே. அவன் என்ன சொல்கிறான் என்று எழுது.

உன் பழைய சேக்காளி