தாயோவும் காமியும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, மன்னித்துக்கொள். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

பிலிப்பைன்ஸில் இந்த கேசோன் சிட்டிக்கு வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. இங்குள்ள பிலிப்பினோ மொழி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டிருந்தாய். சொற்கள் வந்துவிடுகின்றன, இந்த நான், நீ, அவர்தான் பாடாய்ப் படுத்துகிறது. போன மாதம் பக்கத்து வீட்டு அத்தை சோறு பரிமாறுகிற நேரத்தில் வந்தார், சாப்பிடக் கூப்பிடுவதாக நினைத்து "ககாயின் நா காமி" என்றேன். அவர் சிரித்தபடி விடைபெற்றுப் போய்விட்டார். காமி என்றால் நாங்கள், அவரைச் சேர்க்காத நாங்கள். "காயின் தாயோ" என்றிருக்க வேண்டும்; தாயோதான் நாம். இங்கே சாப்பிடும்போது யார் வந்தாலும் சொல்லும் வார்த்தை அது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் மனசு ஆறவில்லை. நாம், நாங்கள் என்று பிறந்ததிலிருந்து பிரித்துப் பேசுகிற எனக்கு இது எப்படித் தவறியது? ஆங்கிலப் புத்தகம் வைத்துப் படித்தேன், அதில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் போட்டிருந்தது. தமிழ் வழியாகப் படித்திருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும்டி.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் "ஆமா நாமின்" என்று ஜெபம் தொடங்கினார்கள். ஆமா என்றால் தந்தை, நாமின் என்பது காமியின் உடைமை வடிவம். கடவுளிடமே பேசுவதால் அவரைச் சேர்க்காத எங்கள். உங்கள் வீட்டில் அம்மா "எங்கள் பிதாவே" என்பார்களே, அதே எங்கள்! சட்டென்று உங்கள் வீட்டுக் கூடம் கண்ணில் வந்துவிட்டது.

அவனும் அவளும் இங்கே சியா என்ற ஒரே சொல்தான், அதனால் ஆங்கிலம் பேசும்போது இவர்கள் கணவனை அவள் என்று சொல்லிவிடுவதும் உண்டு, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரியவர்களிடம் நம் நீங்கள் மாதிரி பன்மையில் காயோ, கூடவே மரியாதைக்கு ஒரு "போ". நம் காதுக்கு அது துரத்துவது போல ஒலிக்கும், பழக எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. இன்னும் மரியாதை வேண்டுமென்றால் எதிரில் நிற்பவரையே சிலா, அதாவது அவர்கள், என்பார்கள்: வாசலில் வந்தவரிடம் "சினோ போ சிலா?", நீங்கள் யார் என்று கேட்பதற்கு.

இன்னொன்று, நாம் சாப்பிட்டேன், சாப்பிட்டாய் என்று வினையின் வாலிலேயே ஆளைச் சொல்லிவிடுகிறோம். இங்கே சாப்பிட்டதற்கு குமாயின் என்றால் எல்லாருக்கும் குமாயின்தான், பின்னால் நானுக்கு ஆகோ, நீக்கு கா, அவருக்கு சியா என்று ஆளை ஒட்ட வேண்டும். அந்த நீ, முன்னால் வந்தால் இகாவ், பின்னால் வந்தால் கா. எனக்கு மிகவும் பிடித்தது கித்தா. நான் உன்னை என்பது முழுவதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. "மஹல் கித்தா" என்றால் நான் உன்னை நேசிக்கிறேன். இரண்டு பேரும் ஒரு சொல்லில், பிரிக்கவே முடியாதபடி.

டிசம்பரில் நீ வருவது உறுதிதானே? டிக்கெட் போட்டதும் எழுது. பக்கத்து வீட்டு அத்தையையும் அன்று சாப்பிடக் கூப்பிடுகிறேன், இந்த முறை தாயோ சொல்லி.

அன்புடன்,
கலா