ஓவியத்தின் அருகே ஒட்டியிருக்கும் அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் நடைபெறும் ஓவிய, சிற்பக் கண்காட்சிகளுக்குப் பொதுமக்கள் வருவதில்லை, வருகிறவர்களும் பத்து நிமிடத்தில் வெளியேறிவிடுகிறார்கள், நம்மவர்களுக்கு நவீன கலையில் ரசனை போதாது என்ற ஆதங்கத்தோடு தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூட்டம் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பழியை ரசனையின் தலையில் போடுவதற்கு முன்பு, படைப்பின் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் கையகல விளக்க அட்டையைக் கட்டுரையாளர் ஒருமுறை நின்று படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் போய்வந்த தனியார் கலைக்கூடங்களில் பெரும்பாலானவற்றில் அந்த அட்டை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழும் இருக்கும் சில இடங்களிலோ, அது இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

சென்ற ஆண்டு, வடசென்னையில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளி ஒன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பதினான்கு பேரை நகரத்தின் ஒரு கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றேன். கூடத்தின் நடுவே, கூரையிலிருந்து தரையைத் தொடும்படி ஒரு மீன்வலை தொங்கவிடப்பட்டிருந்தது. மேலிருந்து ஒரே ஒரு விளக்கு. வலையின் நிழல் சுவர் முழுவதும் படர்ந்திருந்தது. பக்கத்து அட்டையில் ஆங்கிலத்தில் ஐந்து வரிகள். இடப்பெயர்வு, நினைவு, எல்லைகளின் நெகிழ்வு என்றெல்லாம் அடுக்கிவிட்டு, எந்தப் பொருளால் ஆனது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கண்டெடுத்த பொருள்' என்று முடித்திருந்தார்கள். ஆங்கிலம் ஓரளவு தெரிந்த நான் இரண்டு முறை படித்தும், என்ன சொல்ல வருகிறார்கள் என்பது பிடிபடவில்லை. என்னுடன் வந்த மாணவி ஒருத்தி அட்டையைப் பார்க்கவே இல்லை. வலையின் கண்ணை இரண்டு விரலால் அளப்பதுபோல் காற்றில் அளந்து பார்த்துவிட்டு, "இது செவுள் வலை சார், சுருக்குமடி இல்லை" என்றாள். பிறகு, "தலைகீழாத் தொங்குது சார்" என்றாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். ஈயக்குண்டுகள் மேலே இருந்தன; மிதவைகள் தரையில் கிடந்தன.

கலைஞர் வேண்டுமென்றே செய்தது அது என்பதில் எனக்கு ஐயமில்லை. கடலைக் கவிழ்த்துப் போட்டதுபோன்ற அந்த ஒரு செய்கையில்தான் படைப்பின் உயிர் இருந்தது. ஐந்து வரி அட்டையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கண்காட்சியை வடிவமைப்பவரை நம் அரசு அருங்காட்சியகங்கள் 'காப்பாட்சியர்' என்கின்றன. தனியார் கூடங்களில் க்யூரேட்டர் என்றால்தான் புரிகிறது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குக் 'கவனித்துக்கொள்ளுதல்' என்பதுதான் பொருள் என்பதால், காப்பாட்சியர் என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. எந்தப் படைப்பை எதற்குப் பக்கத்தில் வைப்பது, எந்த உயரத்தில் மாட்டுவது, காகிதத்தில் வரைந்தவை வெளிறாமலிருக்க விளக்கை எவ்வளவு தணிப்பது, பார்வையாளர் எந்த வாசல் வழியாக நுழைந்து எதை முதலில் காண்பது என்பன எல்லாம் அவர் வேலை. அட்டையும் அவர் வேலைதான். ஆனால் நடைமுறையில் அது திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு, அழைப்பிதழுக்கு எழுதிய ஆங்கிலத்திலிருந்து வெட்டி ஒட்டும் வேலையாகிவிடுகிறது. தமிழ் வேண்டும் என்று யாராவது நினைவுபடுத்தினால், அதுவும் அந்த இரவிலேயே கணினி மொழிபெயர்ப்பில் போட்டு எடுக்கப்படுகிறது.

அப்படி எடுத்த தமிழை நான் நேரில் படித்திருக்கிறேன். 'கேன்வாஸில் எண்ணெய்' என்று ஓர் அட்டை: துணியில் எண்ணெய் கொட்டிவிட்டதோ என்றுதான் கேட்கத் தோன்றும். எண்ணெய் வண்ணம் என்று எழுதினால் கூடுதலாக ஒரு சொல்தான். பல பொருள்களைச் சேர்த்துச் செய்ததற்குக் 'கலப்பு ஊடகம்' என்று போடுகிறார்கள்; ஊடகம் என்றால் இன்று தொலைக்காட்சியும் செய்தித்தாளும்தான் நினைவுக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, படைப்பைக் கலைஞரே கொடுத்து உதவினார் என்பதற்குக் 'கலைஞரின் மரியாதை' என்று ஒரு கூடத்தில் அச்சிட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் கலைஞர் என்று பொதுவாகச் சொன்னால் யாரை நினைப்பார்கள் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், அவருக்கும் இந்த ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கூடத்துப் பையனிடம் மெய்யாகவே விசாரித்தார்.

நவீன கலையைத் தமிழில் எழுதச் சொல்லில்லை என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். இதை ஏற்க முடியாது. தமிழ் வாசகர்களில் பலருக்கு நவீன ஓவியம் அறிமுகமானதே கலைக்கூடங்களில் அன்று; சிற்றிதழ்களின் பக்கங்களிலும் புத்தக அட்டைகளிலும்தான். காந்தியைக் கோடுகளில் நூறு விதமாக வரைந்து பார்த்த கே. எம். ஆதிமூலம் நம் இதழ்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் எவ்வளவு வரைந்து கொடுத்திருக்கிறார்! ஓவியர் டிராட்ஸ்கி மருதுவின் கோடுகளை, கையெழுத்தைப் பார்க்காமலே அடையாளம் சொல்லும் வாசகர்கள் இருக்கிறார்கள். கோடு, வெளி, உருவமற்ற ஓவியத்துக்கு அரூபம், பொருள்களை ஓரிடத்தில் அமைத்துக் காட்டும் படைப்புக்கு நிறுவல் என்று இந்தக் கலையைப் பேசுவதற்கான சொற்களை எழுத்தாளர்களும் ஓவியர்களும் சேர்ந்து பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொற்கள் கண்காட்சிச் சுவருக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இந்த நகரத்துக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் கலைஞர்கள் ஊன்றிக்கொண்ட இடம் அது. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மலையாள எழுத்துகள், கணக்குகள், ஜாதகக் கட்டங்கள், வாசிக்கத் தூண்டி வாசிக்கவிடாத கிறுக்கல்கள் என்று படம் முழுவதும் எழுத்துமயம். நம் எழுத்துகளையே உருவமாக்கி நவீன கலைக்கு ஒரு தென்னாட்டு முகம் கொடுத்த மனிதர் வாழ்ந்து பணியாற்றிய ஊரில், ஓவியத்தின் பக்கத்தில் தமிழ் எழுத்து இல்லை என்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. டெல்லியில் 1954-லும், மும்பையில் 1996-லும், பெங்களூரில் 2009-லும் திறக்கப்பட்ட தேசிய நவீன கலைக்கூடம் சென்னைக்கு இன்னும் வராதது வேறொரு கதை. அதற்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டும்.

சுவரில் உள்ள எழுத்து எவ்வளவு செய்ய முடியும் என்பதை நான் கண்டது கொச்சியில். சிற்பக் கலைஞர் சுதர்சன் ஷெட்டி பொறுப்பேற்று நடத்திய 2016-ஆம் ஆண்டின் கொச்சி முசிரிஸ் பினாலே என்ற சமகாலக் கலைக் கண்காட்சியில், ஆஸ்பின்வால் ஹவுஸின் பழைய கிடங்கு ஒன்றில் கடல்நீரைத் தேக்கியிருந்தார்கள். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டாவின் 'வேதனைக் கடல்' என்ற படைப்பு அது. செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். பக்கச் சுவர்களில் சிறு சிறு கேள்விகள் எழுதப்பட்டிருந்தன. மறுகோடிச் சுவரில் இருந்த கவிதையை நெருங்க வேண்டுமானால் அந்தத் தண்ணீரில் நடந்தே போக வேண்டும். அகதிப் படகு கவிழ்ந்து இறந்து, கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே கடலில் இறந்த, யாரும் படமெடுக்காத அண்ணன் காலிப்புக்காக எழுதப்பட்ட கவிதை அது. எழுத்தை எங்கே வைப்பது, பார்வையாளர் எப்படி நடந்து அதனிடம் வருவது என்று யோசித்திருந்ததால், படிப்பதற்கு முன்பே கால்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது.

மொழி விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2019 டிசம்பரில் கொழும்பில் தொடங்கப்பட்ட இலங்கை நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம், ஷர்மினி பெரேரா வடிவமைத்த அதன் முதல் கண்காட்சியிலிருந்தே சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் இயங்கி வருகிறது. மூன்று மொழிக்கு இடம் வேண்டும் என்றால் அட்டையின் அளவையும் எழுத்தின் அளவையும் முதலிலேயே திட்டமிட்டாக வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று முதலிலேயே முடிவெடுத்தாக வேண்டும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் படைப்பு ஒன்றை இங்கே நினைத்துக்கொள்கிறேன். போரில் வீடிழந்தவர்கள் தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுக்க, அதைக் கட்டடக் கலைஞர் ஒருவர் அளவோடு திருத்தி வரைய, அதையொட்டி ஓவியர் தம் படத்தை வரைய, 2011-இல் நூல்வடிவில் வந்தது அது. தலைப்பில் 'தோம்பு' என்ற சொல் இருக்கிறது. காணிப் பதிவேட்டைக் குறிக்கும் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்டவுடனே காணி உறுதியும் வேலிச் சண்டையும் கண்முன் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் டீக்கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. கலைக்கூடத்துக்கும் அப்படியொரு விதி போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. போட்டால் மறுநாளே 'கேன்வாஸில் எண்ணெய்' பெரிய எழுத்தில் வந்துவிடும். அட்டையை முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள் என்றுதான் கண்காட்சி நடத்துகிறவர்களைக் கேட்கிறேன். ஆங்கிலத்தில் புகை மூட்டம்போல் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் எழுத உட்கார்ந்தால், இது என்ன பொருள், எங்கிருந்து வந்தது, யார் கைபட்டது, கலைஞர் இதை என்ன செய்திருக்கிறார் என்று எதிரே இருப்பதைப் பார்த்தே தீர வேண்டியிருக்கிறது. ஐம்பது, அறுபது சொல் போதும். ஆங்கில வடிவமைப்பை முடித்துவிட்டு மிச்சமுள்ள இடத்தில் தமிழைத் திணித்தால் எழுத்து எறும்பளவுக்குச் சுருங்கிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் அட்டையைத் தமிழுக்கு அளந்துதான் வெட்ட வேண்டும். எழுதியதைக் கூடத்தின் காவலாளியிடமோ, தரை துடைக்கும் அம்மாவிடமோ படித்துக் காட்டலாம். நாள் முழுவதும் அந்தப் படைப்புகளோடு இருப்பவர்கள் அவர்கள். பார்வையாளர்கள் முதலில் கேள்வி கேட்பதும் அவர்களிடம்தான்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் கண்காட்சிகளின் பெயர், இடம், நேரம் மட்டுமே வருகின்றன. வாரத்துக்கு ஒரு படைப்பையாவது எடுத்து, படத்தோடு பத்து வரி எழுதச் சொல்லுங்கள். விலை எவ்வளவு, திறந்துவைத்த பிரமுகர் யார் என்பவை அந்தப் பத்து வரிக்குள் வர வேண்டாம்.

அந்தப் பதினான்கு பேரையும் பள்ளிக்குத் திரும்பியதும், தங்களுக்குப் பிடித்த ஒரு படைப்புக்கு அட்டை எழுதச் சொன்னேன். வலையைப் பற்றி அந்த மாணவி எழுதியதை அவள் எழுதியபடியே கீழே தருகிறேன். கலைக்கூடத்திலும் ஒரு பிரதி கொடுத்தேன். வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்கள்.

"செவுள் வலை. நைலான் நூல், ஈயக்குண்டு, மிதவை. கடலில் பயன்படுத்திய வலை. மூன்று இடத்தில் கிழிந்து தைத்திருக்கிறார்கள், தைத்த நூல் வேறு நிறம். கடலில் மிதவை மேலே இருக்கும், குண்டு கீழே இருக்கும். இங்கே மாற்றித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால் இதன் கீழே நிற்கும்போது நாம் தண்ணீருக்கு மேலே இருக்கிறோமா உள்ளே இருக்கிறோமா என்று தெரியவில்லை."

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
சென்னை.